மேசைமேல் கத்தரீனாள்

1972 டிசம்பர் 4, திங்கட்கிழமை. சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிட்டபோது கத்தரீனாள் பதில் சொல்லவில்லை. அவளுடைய கொழுந்துக் கூடை லைன் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அந்நேரம் அவள் மாஜிக் கம்பெனி லாரியில், திரைச்சீலை மூட்டைகளின்மேல் உட்கார்ந்து தேவிகுளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். வயது பத்தொன்பது. சொன்னால் விடமாட்டாள் என்று அம்மா இருதயம்மாளிடம் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் தள்ளித் தள்ளிப் போட்டாள்.

கம்பெனி முதலாளி புரொபசர் சுவக்கீன். புரொபசர் பட்டம் அவரே வைத்துக்கொண்டது. முந்தின நாள் ஆட்டத்தில் அவர் முட்டையை மறைத்தபோது, "சட்டைக் கைக்குள்ள இருக்கு!" என்று முன்வரிசையிலிருந்து கத்தியவள் கத்தரீனாள். ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, வாய்தான் ஆகாது. அசையாம உக்காந்திருக்கிற வேலை ஒண்ணு இருக்கு. வாரியா?"

"கொழுந்து கிள்ளுறதைத் தவிர எதுனாலும் வாரேன்."

வேலை, பேசும் தலை. மூன்று கால் மேசை. அதன்மேல் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில், கழுத்தில் குங்குமம் பூசிய ஒரு தலை. மேசைக் கால்களுக்கிடையே இரண்டு கண்ணாடிகள் கூராகச் சேர்ந்து நின்று பக்கத்துத் திரைகளைக் காட்டும். பார்ப்பவர்கள் அதைப் பின்திரை என்று எண்ணுவார்கள். மேசைக்கடியில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முழந்தாளிட்டு, மேசைத் துளை வழியே தலையை மட்டும் நீட்டியிருப்பாள். 1865இல் லண்டனில் ஸ்டோடேர் என்பவர் எகிப்தியத் தலை என்று காட்டிய வித்தை இது என்பார் சுவக்கீன். "மறுவருசமே ஆளு செத்துட்டாரு" என்று பெருமையாக முடிப்பார். மேசையில் இருக்கும்போது உடம்பு இருப்பதைக் காட்டவே கூடாதென்று பைபிளின்மேல் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஒரு மாதத்தில் அவளுக்கே கைகள் அந்நியமாகிவிட்டன. மரத்துப்போய், யாருடையவையோபோல் கீழே இருட்டில் கிடக்கும். எழுந்ததும் முதல் காரியமாக ஒன்றால் மற்றதைத் தொட்டுப் பார்ப்பாள்.

பிப்ரவரியில் தேவிகுளத்தில் கூடாரம் போட்டார்கள். பகல் மூன்று மணி. வெளியே மூடுபனி, உள்ளே ஒரு பச்சை விளக்கு.

"ஏ தலை, எங்க மாமியா எப்பச் சாவா?" என்றாள் ஒருத்தி.

"நீ ஆக்குறதை ரெண்டு நாள் தின்னாப் போதும்."

"நீ தின்னா அது எங்கட்டி போவும்?" என்றது வேறொரு குரல். கூட்டம் சிரித்து அடங்கியபோது, மேசைக்கு முன்னால் கட்டிய கயிற்றருகே இருதயம்மாள் நின்றாள்.

மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அணை நிற்கத் தலை கொடுக்க வேண்டுமாம், பெண்பிள்ளைகளைப் பிடித்துப் போகிறார்களாம் என்று லைன் முழுக்கப் பேச்சு. மகளைக் காணவில்லை என்று தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்க வந்தவளிடம், காணாமல் போனவர்களைப் பற்றிக் கூடாரத்துத் தலை சொல்லும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் அதுவரை மாஜிக் பார்த்ததே இல்லை.

முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். பிறகு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, வலிச்சுதா?"

திரையோரம் சுவக்கீன் நின்றார். "உடம்பு இருக்கும்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாள் கத்தரீனாள்.

"இல்லம்மா" என்றுதான் வந்தது.

கண்ணீர் தாம்பாளத்தில் சொட்டியது. துடைக்கக் கையில்லை. கூட்டம் கைதட்டியது. இருதயம்மாள் முந்தானையை நீட்டினாள், கயிறு தடுத்தது. சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனாள். ஐந்து மணிக்குக் கத்தரீனாள் விடுபட்டு ஓடியபோது சூரியநெல்லி பஸ் போய்விட்டது. விடிகாலையில் லாரி பொள்ளாச்சிக்குக் கிளம்பியது.

நேரே போய் நிற்கப் பயம். செத்தவள் நடந்து வந்தால் அம்மாவின் நெஞ்சு தாங்காது. அம்மா முதலில் நம்பட்டும், "வா" என்று ஒரு வார்த்தை எழுதட்டும், அன்றைக்கே பஸ் ஏறலாம். அதனால் மாதம் ஒரு கடிதம் எழுதினாள்: நான் உயிரோடு இருக்கிறேன், அது கண்ணாடி வித்தை. பதில் இல்லை. எஸ்டேட்டில் அவள் பெயரை வெட்டி, கல்லறையில் சிலுவை நட்டுவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது.

கம்பெனி கலைந்தபின் பொள்ளாச்சிப் பக்கம் முதலமடையில் மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் சேர்ந்தாள். வடக்கே ஐந்து வருடம் அலைந்துவிட்டு அதே கொட்டகைக்கு வேலைக்கு வந்த நான் அவளைப் பார்த்ததும், இதையெல்லாம் அவள் சொல்லக் கேட்டதும் அங்கேதான். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, தலையை மட்டும் திருப்பிப் பேசுவாள். வேலை நேரத்தில் பழங்களுக்கிடையே அவள் விரல்கள் ஓடுவதைப் பார்த்தால் வேறு யாருடைய விரல்களோ என்று தோன்றும்.

1979 மே மாதம் தபால்காரர் அர்த்தநாரி சைக்கிளை நிறுத்தினார். "ஏனுங்க அம்மிணி, நீங்க போட்டதுக்கெல்லாம் சேத்து மலையிலிருந்து ஒண்ணு வந்திருக்குதுங்க. முட்டாய் வாங்கித் தரோணும்!"

பிரித்து என்னிடம் நீட்டினாள். இருதயம்மாள் சொல்லச் சொல்ல எஸ்டேட் மாதாகோயில் உபதேசியார் எழுதியிருந்தார்:

"மகள் கத்தரீனாள் ஆத்துமாவுக்கு. உன் காயிதம் எல்லாம் வந்துச்சு. பதில் போட்டா நீ போகமாட்டேன்னு இத்தனை நாள் எழுதல. உயிரோட இருக்கேன்னு எழுதுத. உபதேசியாரும் அதையேதான் சொல்லுதாரு. நான் கண்ணால பார்த்தேன். வலிச்சுதான்னு கேட்டதுக்கு இல்லம்மான்னு நீதான சொன்ன. வருசா வருசம் உனக்குப் பூசை வைக்கேன். இனி அலையாத, இளைப்பாறு தாயி. ஒண்ணு மட்டும் சொல்லு. கையில்லாத உனக்கு இதையெல்லாம் எழுதித் தாரது யாரு?"