பாகுந்தி என்றால் வேண்டாம்

திருத்தணியில் பாவா வைத்திருக்கும் மொத்தப் புடவைக் கடையில், அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களிடம் எந்தப் புடவையை மேலும் நெய்யச் சொல்வது என்று முடிவு செய்தவன் நான்தான். பாவா என் அக்கா வீட்டுக்காரர். போட்ட முதல் அவருடையது, கண்ணும் காதும் என்னுடையவை.

நகரி, புத்தூர் பக்கத்து வியாபாரிகள் புடவையைப் பார்த்து "பாகுந்தி" என்பார்கள். தெலுங்கில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மண்ணாங்கட்டி! நம் மனம் நோகாமல் நழுவுகிற பேச்சு அது. வாங்கப் போகிறவன் பாராட்டவே மாட்டான். கரையை நகத்தால் சுரண்டுவான், சாயம் போகுமா என்பான், முந்தானை குட்டை என்று முகம் சுளிப்பான். அந்தப் புடவையைத்தான் நான் இன்னும் நெய்யச் சொல்வேன். அதிலும் விலையைக் குறைக்கத் திட்டுவது வேறு, ஆசையில் திட்டுவது வேறு. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று பாவா கேட்டால் எனக்குச் சொல்ல வராது. "தெரியுது பாவா, அவ்ளோதான்" என்பேன்.

அக்காவிடம் மட்டும் சொல்ல வந்தது. மதியம் சாப்பிடப் போனால் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள். "அந்தப் பச்சைய ஏண்டா வேணாம்னுட்ட? அதப் பாத்த யாவாரி இன்னா பண்ணான்?" அவள் துருவத் துருவ, எனக்கே தெரியாததெல்லாம் வாயில் வந்தது. என் வேலையைப் பற்றி ஒருத்தியாவது கேட்கிறாளே என்று பூரித்துப் போனேன், முட்டாள்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்ததும் பாவா கூப்பிட்டார். "இனிமே ஆர்டர் நானே பாத்துக்கிறேன் மச்சான். நீ வேற எங்கனா வேலை பாத்துக்க."

"உங்களுக்கு இன்னா தெரியும் பாவா?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "பாத்த பொடவைய யாவாரி மடிச்சிக் குடுத்தா வேணாம். விரிச்ச மேனிக்குப் போட்டுட்டு அடுத்தத தொட்டா, அதுக்கே திரும்பி வருவான்."

அக்காவிடம் நான் சொன்ன வார்த்தைகள், ஒரு எழுத்துப் பிசகாமல். நேராக அவளிடம் போனேன். "நீயா சொன்ன?"

"ஆங், சொன்னேன்." அவள் கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. "நாளைக்கி நீ வேற கடைக்கிப் பூட்டா நாங்க இன்னாடா பண்றது? எங்க கடைய நாங்கதான பாத்துக்கணும்?"

வேறு கடைக்குப் போகும் நினைப்பு சத்தியமாக எனக்கு இருந்ததே இல்லை. அதுவரை அவள் வாயில் அது எப்போதும் 'நம்ம கடை'தான்.