ஸ்டெல்லாவின் பக்கத்து நாற்காலி

டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருப்பவளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவள் நினைத்தால் ஒரு தொழிற்சாலையையே லைனில் காக்க வைக்கலாம். மல்லாபூர்ப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் எனக்கு அந்த வேலை. பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. செகந்திராபாத் தமிழ்ப் பெண், எனக்கு ஜூனியர், எல்லோருக்கும் வேண்டியவள். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

டீக்குப் பிறகு

ஃபிட்டர் யாதகிரிக்குத் தங்கை கல்யாணம். ஃபோர்மன் லீவு தரவில்லை. ஜெனரல் மானேஜரிடமே கேட்கிறேன் என்று காலையில் முதல் வேலையாகக் கூப்பிட்டான். கேட்ட லைனை உடனே கொடுப்பதுதான் முறை. கொடுத்தேன். உற்பத்திக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜி.எம். இரண்டே வார்த்தையில் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஸ்டெல்லாவின் போர்டில் கூப்பிட்டான். இப்போது நக்கோ, வேண்டாம், ஐயா டீ குடிக்கட்டும் என்றாள். காலி கப் வெளியே வந்துவிட்டதா என்று பியூனிடம் கேட்டுக்கொண்டு, கல்யாண விஷயத்தைத் தானே ஜி.எம்.மிடம் இரண்டு வரி சொல்லி, பிறகு லைனைக் கொடுத்தாள். லீவு கிடைத்தது. லட்டு எங்கள் இருவருக்கும் வந்தது. என்னிடம் கொடுக்கும்போது பணிவாகக் கேட்டான்:

"மேடம், இனிமே ஸ்டெல்லா மேடம் டியூட்டி எப்போன்னு சொல்லிடறீங்களா?"

யார் முதலில்

அதிகாரிகளுக்குள் ஒரு வழக்கம்: லைனில் முதலில் வருகிறவர் சின்னவர். பர்ச்சேஸ் மானேஜரும் ஸ்டோர்ஸ் மானேஜரும் சம பதவி. அவர் வரட்டும், பிறகு எனக்குக் கொடு என்று இருவருமே சொல்வார்கள். நான் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவேன். ஸ்டெல்லா இருவரிடமும் தனித்தனியாக, அவர் காத்திருக்கிறார் ஸார் என்று சொல்லிவிட்டு ஒரே நொடியில் இணைப்பாள். இரண்டு ஹலோவும் ஒன்றாக விழும்.

இவ்வளவுதானே என்று நானும் ஒருநாள் செய்தேன். ஸ்டோர்ஸ் மானேஜரை அவசரத்தில் முன்பே இணைத்துவிட்டேன் போலிருக்கிறது. பர்ச்சேஸிடம் நான் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்திருக்கிறது.

"நான் யாருக்கும்மா காத்திருக்கேன்?"

பகல் நாற்காலி

எங்கள் சூப்பர்வைசர் ரிட்டயரானார். அந்த நாற்காலிக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது; நான் இல்லாத இரவுகளில் அழுது தீர்ப்பாள். சீனியர் நான்தான். ஆனால் ஜி.எம். சிரித்துப் பேசுவது ஸ்டெல்லாவிடம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அவளுக்கு. ஜி.எம். லைனில் அவள் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. என்ன ரகசியம் என்று கேட்டேவிட்டேன். ஒண்ணுமில்லக்கா என்றாள். அன்று அவளோடு நான் சாப்பிடப் போகவில்லை.

ஆர்டர் என் பெயருக்கு வந்தது. நன்றி சொல்ல ஜி.எம். அறைக்குப் போனேன். என் சர்வீஸைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"ஸ்டெல்லாவுக்குத்தான் கொடுக்கறதா இருந்தேன். அந்தப் பொண்ணு தனக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இப்பவும் உங்க குழந்தைக்காகத்தான் கேட்டது."

மகள் அன்றிலிருந்து இரவெல்லாம் தூங்கினாள். ஸ்டெல்லாவுக்கு மேலதிகாரியாகிவிட்ட எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.