அவருக்காகப் படித்த வருஷம்

போன தைக்கு முன்னால் நான் கடைசியாக முழுசாகப் படித்தது ஒன்பதாம் வகுப்புப் பாடப் புத்தகம். இந்த ஒரே வருஷத்தில் வாரப் பத்திரிகை, அம்மன் கதை, பேப்பர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தள்ளினேன். எல்லாம் என் வீட்டுக்காரருக்காக. அவர் ஒரு தடவை என் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் பெயர் பலராமன். பண்டசோழநல்லூரில் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். பாட்டு, சினிமா, படிப்பு எதுவும் அவருக்கு ஆகாது. டிவியில் மழைச் செய்தி வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். "பொய் சொல்றான்டி" என்று எழுந்து போய்விடுவார். போன தையில் கரும்பு வெட்டு நடக்கும்போது வரப்பிலேயே சாய்ந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, படிச்சுக் காட்டுங்க, டிவி போடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் கூடம் குறுகல். கட்டிலை மேற்குச் சுவரை ஒட்டி நீளவாக்கில்தான் போட முடியும். தலைமாட்டை வடக்கே வைத்தால் நடக்க வசதி என்றாள் மகள் பிரியதர்ஷினி. நாத்தனார் நாகம்மாள் விடுவாளா? "வடக்கால தல வெக்கிறதுக்கு இன்னும் நாளு இருக்குதுடி! எந்தம்பிய இப்பவே பாடையில ஏத்துறீங்களா?" என்று ஒரே கூப்பாடு. எனக்கும் பயம்தான். தெற்கே தலை வைத்துப் படுக்கவைத்தோம். அவருக்கு இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் டிவியும் நாற்காலியும் நானும்.

காலையில் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி வைப்பேன். மத்தியானம் சீரியல். பொழுது சாய்ந்தால் தொடர்கதை. தங்கை சொத்தை அண்ணன்காரன் பிடுங்கிக்கொள்கிற கதை ஒன்று வந்தது. படுபாவி, அவனைத் திட்டித் தீர்த்தேன்! கதையில் மூழ்கிக் கஞ்சி நேரம் தாண்டிப்போன நாளும் உண்டு. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நடவு வேலையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினார். ஆசை ஆசையாகக் காட்டினேன். இவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

ஊட்டினால் வாய் திறப்பார், முகம் மட்டும் சுவர்ப் பக்கம். குளிக்கவைக்கத் தூக்கும்போது நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாக வேண்டும். எனக்கு வெறுத்துப்போயிற்று. "அந்தச் சொவுத்துல இன்னாதான் இருக்குது? எம்மூஞ்சி அவ்ளோ கசக்குதா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். என்மேல் ஏதோ கோபம் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

இந்தத் தை பிறந்ததும் மகள் வில்லியனூரிலிருந்து அருள்மொழி என்ற பிசியோதெரபிப் பெண்ணை அழைத்து வந்தாள். அந்தப் பெண் ஒரு கரண்டியை அவர் முகத்துக்கு நேரே வலப்பக்கமிருந்து மெதுவாக நகர்த்தினாள். மூக்கைத் தாண்டி இடப்பக்கம் போன பிறகுதான் அவர் கண் அசைந்தது.

"அம்மா, இவருக்கு வலப்பக்கம் எதுவுமே தெரியல."

"கண்ணு நல்லாத்தானேம்மா இருக்குது?"

"கண்ணுல கொறை இல்லம்மா. மூளையில அடிபட்டிருக்கு. நீங்க உக்காந்திருந்த பக்கம் ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"இனிமேலாச்சும் வருமா?"

"வர்றதா இருந்தா மொத சில மாசத்துலயே வந்திருக்கணும். பேச்சும் அப்படித்தாம்மா."

அன்றைக்கே கட்டிலைத் திருப்பி வடக்கே தலை வைத்தோம். நாகம்மாள் வாசலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாளே தவிர, தடுக்கவில்லை. நான் இடப்பக்கம் போய் நின்றேன். பார்த்தார். ஐயோ, எப்படிப் பார்த்தார்! இடது கையைத் தூக்கி, இந்த வருஷத்தில் நரைத்துப்போன என் நெற்றி முடியைத் தொட்டார்.

தண்ணீர் எடுக்கத் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தேன். "இங்கதாங்க இருக்கேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். குரல் வந்ததும் அவர் கண் இடப்பக்கம் முழுக்கத் தேடியது. நான் அங்கே இல்லை. உதடு கோணி அழ ஆரம்பித்தார்.

அந்த அழுகை எனக்குப் புதிதில்லை. நான் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் இப்படித்தான் அழுவார். கதை மனசைத் தொடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, வாரா வாரம் இன்னும் சோகமான கதையாகத் தேடிப் பிடித்துப் படித்தேன்.