உள்ளே போன ஆரஞ்சுத் தோல்

கையகல ஆரஞ்சுத் தோல் ஒன்று தண்ணீரில் குலுங்கிக் குலுங்கி வளைகுடாவுக்குள் போனது. அதை எறிந்தது நான். அந்தத் தோலை நம்பி நான் ஒரு தப்பு செய்தேன். அதற்கு வேலை போனது என் மச்சானுக்கு. பிள்ளைகளே, எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். புரியாததும் இதில் இருக்கிறது.

மச்சான் என் மனைவியின் அண்ணன், பிச்சாவரத்தை அடுத்த கிள்ளை ஊர்க்காரர். வளைகுடாவில் கடலை அளக்கும் ஒரு லாஞ்சில், கம்பியை இறக்கி ஏற்றும் வின்ச் ஓட்டினார். எனக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம் சிதம்பரத்திலிருந்து என்னையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டார். நான் படித்தது பத்தாவது. வளைகுடா பெருங்கடலோடு சேர்கிற குறுகலான வாயில் லாஞ்சை நிறுத்துவோம். மச்சான் கம்பியில் ஒரு கருவியைக் கட்டி இறக்குவார். எந்த ஆழத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மேலே இருக்கும் பெட்டி காட்டும். அதை நோட்டில் எழுதுவது என் வேலை.

முதல் நாளே குழம்பிப்போனேன். மேலே தண்ணீர் உள்ளே வருகிறது என்றது பெட்டி. அடியில் வெளியே போகிறது என்றது. ஒரே வாய், ஒரே நேரம், அது எப்படி? பிச்சாவரம் பக்கத்தில் ஏத்தம் என்றால் தண்ணீர் உள்ளே, வத்தம் என்றால் வெளியே, அவ்வளவுதான். படகுக்காரர்கள் ஒரு தழையைக் கிள்ளிப் போட்டு, அது போகிற பக்கத்தைப் பார்த்துத் துடுப்புப் போடுவார்கள். நானும் உரித்த ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போனது. அப்படியானால் கருவிதான் கெட்டுவிட்டது, சொன்னால் கருவியை இறக்கின மச்சான் தலையில் விழும் என்று பயந்தேன். அடி ஆழத்துத் திசைகளை எல்லாம் மேலே இருந்தது போலவே மாற்றி எழுதினேன். மூன்று நாள் அப்படியே எழுதினேன்.

நோட்டைப் புரட்டிய இன்ஜினியர், இதை இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மச்சான் தான்தான் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அவருக்கு ஊருக்கு டிக்கெட். அவர் ஊருக்குப் பெட்டி கட்டும்போது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நின்றேன்.

"வாய மூடிக்கினு வேலையப் பாரு மாப்ள. தோலப் போட்டுப் பாக்கறதுக்கு இது இன்னா நம்மூரு வாய்க்காலா?"

பிறகு இன்ஜினியர்தான் எனக்கு விளக்கினார். அங்கே வெயில் ஜாஸ்தி, வந்து விழுகிற ஆற்றுத் தண்ணீர் குறைவு. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். உப்பேறிய தண்ணீர் கனத்து அடியில் இறங்கித் தரையோடு தரையாக வெளியே போகும். குறைந்ததை நிரப்பப் பெருங்கடலின் லேசான தண்ணீர் மேலாக உள்ளே வரும். ஏத்தமும் வத்தமும் அங்கேயும் உண்டு, ஆனால் அதோடு கூடவே இந்தப் போக்குவரத்தும் நடந்துகொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் வளைகுடா வருஷத்துக்கு வருஷம் உப்புக் கரித்துக்கொண்டே போகுமாம். அவர்கள் பார்க்க வந்ததே அதைத்தான். நான் அழித்ததும் அதைத்தான்.

மச்சான் இப்போது கிள்ளையில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறார். போன மாதம் நான் ஊருக்கு வந்து அவரோடு கழிமுகத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"எனக்கு அங்க இருக்கவே புடிக்கல மாப்ள. வர்றதுக்கு ஒரு சாக்கு தேடிக்கினு இருந்தேன். நீ குடுத்த."

என் மனைவி சொல்வது வேறு. ஊருக்கு வந்த அண்ணன் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். லாஞ்சில் போட்ட நீலச் சட்டையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைப்பாராம். சாக்குத் தேடி வந்தவர் எதற்கு அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டும்? தங்கைக்காகப் பழியை ஏற்றவர் என்றால் எதற்குச் சிரித்துக்கொண்டே பொய் சொல்ல வேண்டும்? இரண்டில் எது நிஜம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அன்றைக்குக் கழிமுகத்தில் அவர் கையில் ஒரு ஆரஞ்சு இருந்தது. தோலை உரித்துத் தண்ணீரில் போட்டார். வத்த நேரம். அது மெல்லக் கடலைப் பார்த்து நகர்ந்தது.

"பாரு, வெளிய போவுது. எழுதிக்க" என்றார்.

நான் தோலைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.