முன்னறைக்குப் போன தனிஸ்லாஸ்

ஆனிமேரி ஒரு நடுநிலைப்பள்ளியில் டீச்சர். வகுப்பே அதிர்ந்துகொண்டிருந்தாலும் ஒரு பார்வையில் அடக்கிவிடுவாள். கணவர் தனிஸ்லாஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க மட்டும் அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. ரோஷம், வேறென்ன.

தனிஸ்லாஸ் தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க். அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, ஹெபடைடிஸ் பி என்றது ரத்தப் பரிசோதனை. ஆனிமேரி தடுப்பூசி போட்டுக்கொண்டாள். கஞ்சி வைத்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாதா முன்னால் நின்றாள். சில மாதங்களில் கிருமி போய்விட்டது என்று வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவே சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். பங்குக் கோயில் திருவிழா முடிந்த கையோடு மனுஷன் மாறிப்போனார். இடுப்பு வலி என்று பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார். தனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஃபேனைத் துடைக்கப் போய்விடுவார். அவ்வளவு சுத்தமான ஃபேன் மதுரையில் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது.

தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஆனிமேரி முடிவு கட்டினாள். வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. தனியாக அழுதாள், ஆனால் கேட்கவில்லை.

அந்தக் கோயிலில் திருவிழாதோறும் இளைஞர்கள் ரத்ததான முகாம் நடத்துவார்கள். எப்போதும் முதல் ஆளாக நிற்கும் தனிஸ்லாஸ், இந்த வருடம் பந்தல் ஓரமாக நழுவப் பார்த்தார். ஆனிமேரி வழியை மறித்து, ரத்தம் கொடுக்க ஏன் போகவில்லை, தன்னிடமிருந்தும் ஏன் விலகி விலகிப் போகிறார் என்று கேட்டேவிட்டாள். தனக்கு வந்த நோயைப் போன வருட முகாமில் ஒளிக்காமல் சொன்னதையும், அவர்கள் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியதையும் அப்போதுதான் அவர் வாய் திறந்து சொன்னார்.

"அவங்களே என் ரத்தம் வேணாம்னுட்டாங்க மேரி. அப்பக் கிருமி உள்ளதான இருக்கு? ஊசி போட்டும் ஒனக்கு வந்துச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

மறுநாளே டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா சிரித்தார்.

"கிருமி இல்ல சார், எதிர்ப்பு சக்திதான் இருக்கு. ஒங்ககிட்ட இருந்து இவங்களுக்குத் தொத்தாது."

சிலருக்குக் கிருமி போகாமல் உடம்பிலேயே தங்கிவிடும், அவர்களிடமிருந்துதான் ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவும் என்று விளக்கினார். அவர்களுக்குமே தட்டும் தம்ளரும் தனியாக வைக்கத் தேவையில்லையாம். ஒருமுறை இந்த நோய் வந்தவரிடம் ரத்தம் வாங்காதது, அதை ஏற்றிக்கொள்ளும் நோயாளிக்காகச் செய்யும் கூடுதல் ஜாக்கிரதை என்றார்.

பைக்கில் திரும்பும்போது கோரிப்பாளையம் சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. தனிஸ்லாஸ் முன்னால் பார்த்தபடியே மன்னித்துவிடச் சொன்னார்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும்ங்க," என்றாள் ஆனிமேரி. "நான் ஒங்களுக்கு வேணாம்னு ஆயிட்டேன்னு ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பச்சை விழுந்தது. அவரால் வண்டியை எடுக்க முடியவில்லை, தோள் குலுங்கியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று ஆனிமேரி அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.