முதலில் பெற்றவளுக்கு

இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஜெயலெட்சுமி மருத்துவிச்சியாக இருந்தாள். எழுபதுகளில் அங்கே பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அவள் கையில்தான் வந்து விழுந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எந்தக் காம்பராவுக்குள்ளும் கேட்காமல் நுழைவாள். நுழைந்தால் அடுப்பு மேட்டிலிருந்து மருமகள் வரை எல்லாவற்றுக்கும் ஒரு திட்டு உண்டு.

அவளுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. கல்யாணமாகாத பெண் வயிற்றோடு வந்தால் முதலில் பெற்றவளுக்குச் சொல்லிவிடுவாள். காலில் விழுந்தாலும் சொல்லிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் கலைக்கப் போய், எதையோ அரைத்துக் குடித்து, செத்துப்போனாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ளைய காப்பாத்தியிருப்பேனே" என்று அவள் தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைக் கேட்டபிறகு வேறு எப்படிச் சட்டம் போடுவது?

பதுளை ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஹம்ஸியாவுக்கு மட்டும் இது பிடிக்காது. ஜெயலெட்சுமி நோயாளிகளை அங்கே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இருவருக்கும் இதே வாக்குவாதம்தான்.

"தாய்க்குச் சொல்ல வாணாம்னு நான் சொல்லல்ல. அந்தப் புள்ளகிட்ட மொதல்ல ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்பாள் ஹம்ஸியா.

"பதினாறு வயசுப் புள்ளகிட்ட என்னத்தக் கேக்கிறது? அதுக்கு என்ன தெரியும்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா?"

"வயிறு அந்தப் புள்ளடதானே."

ஜெயலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்த மாதமும் ஹம்ஸியாவிடம்தான் தேநீர் வாங்கிக் குடிப்பாள்.

எழுபத்தெட்டில் தெய்வானை வந்தாள். கொழுந்து பறிக்கும் வீரசிங்கம், பெரியாயி தம்பதியின் மூத்த மகள். வயது பதினாறு. மூன்று மாதமாக முழுக்கு நின்றுபோயும், லயத்துக் கண்களுக்குப் பயந்து, மாதா மாதம் இஸ்தோப்புத் திண்ணை மூலையில் தீட்டுக்காரி மாதிரி ஒதுங்கி உட்கார்ந்து நடித்திருக்கிறாள். பெற்றவளும் நம்பித் தட்டைத் தனியாக வைத்திருக்கிறாள்.

"கலைக்க மருந்து தாங்கம்மா" என்றாள்.

"அதுக்குச் சட்டத்துல எடமில்ல. இருந்தாலும் எங் கையால நடக்காது."

"அப்ப அம்மாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க."

யார் காரணம் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். ஏன் சொல்லக்கூடாது என்று ஜெயலெட்சுமி கேட்கவே இல்லை. அடிக்குப் பயப்படுகிறாள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெரியாயியிடம் சொல்லிவிட்டாள்.

பெரியாயி அழவில்லை, கத்தவில்லை. குடம் நிரம்பி வழியும்வரை நின்றுவிட்டு, "நல்ல வேள, வெளியாளு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வீரசிங்கம் வெற்றிலை பாக்கோடு வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பெரியாயியின் தம்பி ரெங்கசாமி, தாய்தகப்பன் இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகு, அக்காள் காம்பராவிலேயே தங்கித் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தான். காரணம் அவன்தான் என்று பெரியாயிக்குக் கேட்டவுடனே புரிந்திருந்தது.

"எம் மச்சானுக்கே கட்டிக் குடுத்துறலாம்னு இருக்கோம்மா. தாய்மாமன், உரிமைக்காரன். நீங்க சொன்னதாலதான் மானம் தப்பிச்சு" என்றார் வீரசிங்கம்.

ஜெயலெட்சுமிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்ணுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லலாமென்று போனாள். தெய்வானை அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அடிக்குப் பயந்து சொல்லலீங்கம்மா. அடிச்சிருந்தா வாங்கியிருப்பேன். சொன்னா அவனுக்கே கட்டி வச்சிருவாங்கன்னு தெரியும், அதுக்குத்தான் சொல்லாதீங்கன்னேன். அன்னைக்கும் நான் வேணாம்னுதான் சொன்னேன். அவன் கேக்கல" என்றாள்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலிக்கே பயிரை எழுதிக் கொடுக்க ஊர் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறது. இதில் மானம் வேறு தப்பிவிட்டதாம். ஜெயலெட்சுமி நேரே பெரியாயியிடம் போய் நடந்ததைச் சொன்னாள், பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றும் சொன்னாள்.

"என்னைய மட்டும் இஷ்டம் கேட்டா கட்டிக் குடுத்தாங்க?" என்றாள் பெரியாயி. குரலில் கோபமே இல்லை. "உரிமைக்காரன் பண்ணினத ஊரு கேக்காது. வேற எவன் இவளக் கட்டுவான்?"

பரிசம் போட நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் ஜெயலெட்சுமி வந்து தெய்வானையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். "ரத்தம் செத்துப் போயிருக்கு. உடனே பதுளைக்குக் கொண்டுபோகணும்" என்றாள். இதுவரை எதையும் மறைக்காதவள் சொன்னதால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பெரியாயியே கம்பளியைப் போர்த்தி மகளைத் தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டாள்.

வழியில் ஜெயலெட்சுமி கேட்டாள்: "எங்க போகணும்னு நெனைக்கிற?"

"அவன் வராத எடத்துக்கும்மா."

ஹம்ஸியா எல்லாவற்றையும் கேட்டாள். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கே பக்கத்து ஊரான ஹாலிஎலயில் தையல் தைத்துப் பிழைக்கும் தன் தங்கை நளீராவின் வீட்டுக்கு இருவரையும் கூட்டிப்போனாள். பிள்ளை பிறக்கும்வரை இருக்கட்டும், அப்புறம் அவளே யோசிக்கட்டும் என்றாள் நளீரா.

அடுத்த நாள் சாயங்காலம் ஜெயலெட்சுமி தனியாகத் திரும்பி வந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரிப் படியில் பெரியாயி காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் போய் வார்டு வார்டாகத் தேடிவிட்டு வந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"எம்புள்ள எங்கம்மா?"

"நல்லா இருக்கா. உசுருக்கு ஒன்னுமில்ல."

"எங்கன்னு கேட்டேன்."

ஜெயலெட்சுமி டிஸ்பென்சரிப் பூட்டைத் திறக்கப் போனாள்.

"நான் பெத்தவம்மா. எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

நியாயமான கேள்விதான். ஹாலிஎல என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ரெங்கசாமி இன்னும் அந்தக் காம்பராவில்தான் இருந்தான்.

"அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் பெரியாயி" என்றாள்.

பெரியாயி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஜெயலெட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் சொல்லவில்லை.