என் மகளுக்கு முன்னால் இருந்த பெயர்

காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என் மகளுடையது. கடந்த மே மாதம் அந்தக் காகிதத்தைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. சபையில் கேட்டவர்களிடம் உபவாசம் என்று சொன்னேன். அது உபவாசம் இல்லை, கோபம். அந்தக் கோபத்திலிருந்து கர்த்தர் என்னை எப்படித் தூக்கியெடுத்தார் என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன். எனக்கு வெட்கமான பகுதியையும் சேர்த்தே சொல்கிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது சாட்சியாக இருக்காது.

என் பெயர் எஸ்தர். ஊர் தோணிரேவு. ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பது என் தொழில். பிடிக்கிற இறாலைப் போட ஒரு ஓலைப் பறி வைத்திருப்பேன். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். சேற்றில் கிடக்கிற சிப்பி விரலைக் கிழிக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு இந்தத் தண்ணீரில் இறங்கியவள் நான். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஏரியில் வலை போடுகிறார். மூத்த மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். நிறுத்தியது யாருமில்லை, தானாகவே நின்றது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். இளையவள் ரெபேக்கா. ரெபி என்று கூப்பிடுவோம். அவளாவது தானாக நிற்கக்கூடாது என்று நான் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணி வேண்டிக்கொண்டிருந்தேன்.

ரெபி எட்டாவது படிக்கும்போது அவள் வகுப்பு டீச்சர் ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னார். மாவட்டம் முழுக்கப் பரீட்சை வைத்து, பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஒன்பதாவதில் சேர்த்து, அங்கேயே தங்கவைத்துப் பன்னிரண்டு வரைக்கும் படிக்கவைக்கிற பள்ளி. பணம் கட்ட வேண்டாம். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள்தான் விண்ணப்பம் போட்டார்கள். ஒருத்தி ரெபி. இன்னொருத்தி கோட்டைக்குப்பத்துக் கீர்த்தனா. அவள் அப்பா கடல் தொழில் செய்கிறவர். இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே நோட்டில் கணக்குப் போட்டுப் பழகினார்கள்.

அந்தப் பள்ளியில் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆள் பிடித்தால்தான் நடக்கும் என்று நினைத்தேன். ஊரில் கொஞ்சம் செல்வாக்குள்ள ஒருவரிடம் போய்க் கடிதம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதுல என் லெட்டரு வேலைக்கு ஆவாதும்மா. உம் பொண்ண ஒழுங்கா எழுதச் சொல்லு, அது போதும்"னு அனுப்பிவிட்டார். எனக்கு உதவ மனசில்லாமல் சொல்கிறார் என்று அவரையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

முடிவு வந்தது. கீர்த்தனாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அதுதான் பட்டியலின் கடைசி இடம். அதற்கு அடுத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர், ரெபேக்கா தே.

"மார்க்கு எவ்ளோ டீச்சர் கம்மி?" என்று கேட்டேன்.

"கம்மியே இல்ல ரெபியம்மா. ரெண்டு பேரும் ஒரே மார்க்கு. அப்படி வந்தா வயசுல மூத்த பிள்ளைக்குத்தான் முதல் உரிமை. விளம்பரத்துலயே போட்டிருந்தாங்க. கீர்த்தனா நாலு மாசம் மூத்தவ."

நாலு மாசம்! என் பிள்ளை நாலு மாசம் பிந்திப் பிறந்ததற்கா தண்டனை? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். அன்று நான் செய்த ஜெபத்தை இதுவரை சபையில் சொன்னதில்லை. "ஆண்டவரே, என் பிள்ளைக்கு முன்னால் இருக்கிற அந்தப் பெயரை எடுத்துப்போடும்." அப்படித்தான் ஜெபித்தேன். தினமும் ஜெபித்தேன். தண்ணீரில் நிற்கும்போது வாயில் பறி இருக்கும். அப்போது மனசுக்குள் ஜெபித்தேன்.

மூன்று வாரம் போனது. ஜூன் மாதம் பள்ளி திறக்கிற சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணியோட அந்தப் பள்ளியில சேர்க்கை முடியுது. கீர்த்தனா இன்னும் போகல. அவ வரலன்னா அடுத்தது ரெபிதான். சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துத் தயாரா வைங்க. உங்க நம்பருக்குப் போன் வரும்."

"ஸ்தோத்திரம்!" என்று என் வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன், அந்தப் பிள்ளை ஏன் போகவில்லை என்று.

"உங்களுக்குத் தெரியாதா? போன வாரம் முகத்துவாரத்துல அலையில அவங்க படகு கவுந்துடுச்சு. அவ அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. அம்மாவும் அங்கதான். பிள்ளை சித்தி வீட்டுல இருக்கா."

நான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெயரை எடுத்துப்போடும் என்று கேட்டது நான்தானே? ஆண்டவர் யாருடைய காலையும் முறிக்கிறவர் இல்லை என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். அன்று தெரியவில்லை. என் நாக்குதான் அந்தப் படகைக் கவிழ்த்தது என்று நினைத்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ரெபி முகம் மலர்ந்தது. பிள்ளைதானே. பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நைனா, வெள்ளிக்கிழமதான் கடைசின்னு கீர்த்தனாவுக்குத் தெரியுமா?"

"போனுக்கு மெசேஜ் வந்துருக்கும்."

"அவங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது நைனா. போனும் அவங்க கைல ஆஸ்பத்திரில இருக்குது."

அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து பறியைக் கழுவப் போனேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் ஏரியில் இறங்கினேன். ஜெபிக்கப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. "இதை நானாகக் கெடுக்கவில்லை, அதுவாக வந்தது" என்று ஆண்டவரிடம் வாதாடினேன். என் மூத்த மகளை நினைத்துக்கொண்டேன். கிழிந்த என் விரல்களைப் பார்த்தேன். எனக்குச் சாதகமாக எவ்வளவோ நியாயம் கிடைத்தது. ஆனால் எந்த நியாயத்தைச் சொன்னாலும் ரெபி கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? இதற்கு மேல் நான் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பறி நிறையுமுன்னே கரையேறி, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, ரெபியையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப்பம் போனேன்.

கீர்த்தனா சித்தியின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தில் அவள் அப்பா பெயர் முருகன் என்பதற்குப் பதிலாக முருகேசன் என்று ஏறியிருந்ததால் பாதியில் நின்றிருந்தது. சித்தியின் போனிலிருந்து அவள் அம்மா சுமதியைப் பிடித்துப் பேசினேன். நான் யாரென்று சொன்னதும் அவள் கேட்டாள்.

"அக்கா, எம் பொண்ணு போவலன்னா உம் பொண்ணுக்குத்தான சீட்டு?"

"ஆமாம்மா."

"அப்ப நீ இன்னாத்துக்குக்கா அலையற?"

"சர்ட்டிபிகேட்டு இன்னா ஆச்சுன்னு சொல்லு. மத்தத அப்பறம் பேசிக்கலாம்"னு மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை கீர்த்தனாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போனேன். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பெயர்த் திருத்தத்துக்குக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி ஒன்று. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வெளியே ஆய்வுக்குப் போயிருந்தார். வராந்தாவில் உட்கார்ந்தோம். மூன்று மணி. நாலு மணி. கீர்த்தனா என்னிடம் மெதுவாக, "வேணாம் ஆன்ட்டி, ரெபியே போவட்டும். நைனா நடக்கவே ஆறு மாசம் ஆவும்னு சொல்றாங்க"னு சொன்னாள்.

அப்போதுதான் நான் நிஜமாக ஜெபித்தேன். அத்தனை பேர் நடுவில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் இடத்தை இந்தப் பிள்ளைக்கே கொடும். என் பிள்ளையை உம் கையில் வைத்துவிட்டேன்." இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது என் நெஞ்சு கிழிந்தது. அதை மறைக்கமாட்டேன்.

ஐந்தரைக்கு அந்த அதிகாரி வந்தார். புழுதியும் வியர்வையுமாக வந்தார். கிளார்க் எங்களைக் கைகாட்டி, "சார், நாளைக்குக் கடைசி நாளாம். மதியத்துலேர்ந்து உக்காந்துகினு இருக்காங்க" என்றார். அவர் நாற்காலியில்கூட உட்காராமல் பார்த்து முடித்துக் கொடுத்தார். அந்தக் கிளார்க் யாரோ, எங்களுக்காக அவர் அந்த ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியமே இல்லை. அவருக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேர் புறப்பட்டோம். நான், கீர்த்தனா, அவள் சித்தி, ரெபி. ரெபி வர வேண்டிய தேவையில்லை. "அந்த ஸ்கூல ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேம்மா"னு கேட்டாள். மறுக்க முடியவில்லை. சிநேகிதியின் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள். தலைமையாசிரியை, கீர்த்தனாவின் அம்மா சுமதியோடு போனில் பேசினார். சித்தி கைநாட்டு வைத்தார். கீர்த்தனா சேர்ந்துவிட்டாள். ரெபி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் தலைமையாசிரியை ரெபியைப் பார்த்து, "நீ யாரும்மா? தங்கச்சியா?" என்று கேட்டார். ரெபி தன் பெயரைச் சொன்னாள். அவர் சட்டென்று மேசையில் இருந்த தாளைத் திருப்பினார்.

"ரெபேக்கா தேவராஜா? தோணிரேவா? காலையிலேர்ந்து உங்க நம்பருக்கு எத்தனை தடவ போன் பண்றோம்! எடுக்கவே மாட்டேங்கறீங்களே?"

அந்தப் போன் என் வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் ஏரியின் நடுவில் இருந்தார். அங்கே சிக்னல் கிடைக்காது.

அன்று காலையில்தான் வேறொரு பெண், அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை மாறியதால், தனக்கு இந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாலு மணிக்குள் நாங்கள் வரவில்லையென்றால் அடுத்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பது விதி. அப்போது மணி மூன்றேகால். ரெபியின் சான்றிதழ்கள் வீட்டில் இருந்தன. "வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து கூப்பிட்டவங்க, பிள்ளையும் தாயும் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும், சர்ட்டிபிகேட்ட திங்கட்கிழமை கொண்டாங்க" என்றார் தலைமையாசிரியை.

போன் வரட்டும் என்று நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டேன். கேட்கக்கூடாதுதான், இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"யாராச்சும் பெரிய ஆளு சொன்னா சீட்டு குடுப்பீங்களாம்மா?"

"யாரு சொன்னாலும் முடியாதும்மா. திருத்தறவங்க கைல போற பேப்பர்ல பேரே இருக்காது. ஊரும் இருக்காது. வெறும் நம்பர்தான்" என்றார்.

நம்பரை மட்டும் மனிதர்கள் பார்த்தார்கள். பெயரை என் ஆண்டவர் பார்த்தார்.

பிள்ளைகள் சேர்ந்து சில மாதம் கழித்து, பெற்றோர் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை, பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் சுமதியை முதல் முறை நேரில் பார்த்தேன். வறுத்த மீனும் சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டாராம். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. இனியும் சுமக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"சுமதி, உம் பொண்ணு பேர எடுத்துப்போடச் சொல்லி நான் ஜெபம் பண்ணேம்மா. மூணு வாரம். என்ன மன்னிச்சிடு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"நானுந்தாங்க்கா. பரீட்ச அன்னிக்கு ரெபி ரெண்டு கணக்குத் தப்பாப் போடணும்னு எங்க அம்மன் கோயில்ல வேண்டிகினேன்."

இரண்டு பேரும் அந்த மரத்தடியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிள்ளைகள் ஓடி வந்து "இன்னாம்மா, இன்னா?"னு கேட்டார்கள். சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. இன்னொருவரைத் தள்ளிவிட்டு என் பிள்ளையை நிறுத்தும் என்று இப்போது கேட்பதில்லை. ரெபிக்கு அடுத்த எண்ணில் இருந்த பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. நாலு மணிக்குப் போன் வரும் என்று அவள் அம்மாவும் காத்திருந்திருப்பாள். அந்தத் தாய்க்காகவும் ஜெபிக்கிறேன். ஜெபத்தோடு நிற்பதும் இல்லை. இந்த வருஷம் பரீட்சை எழுதப்போகிற ஆறு பிள்ளைகளின் சான்றிதழ்களை இப்போதே சரிபார்த்து வைத்திருக்கிறோம். கோட்டைக்குப்பத்துப் பிள்ளைகளைச் சுமதி பார்த்துக்கொள்கிறாள், தோணிரேவுப் பிள்ளைகளை நான். பொன்னேரி பஸ்ஸில் எங்களை அடிக்கடி சேர்ந்து பார்க்கலாம்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது ஒரு கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கலாம். வேலைக்கோ, வீட்டுக்கோ, பிள்ளையின் படிப்புக்கோ. உங்களுக்கு முன்னால் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபியுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனாலும் பயப்படாமல் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் வைத்திருந்த என் தேவன் உங்களையும் கைவிடமாட்டார். அவருக்கே எல்லாத் துதியும்.